இழையம் தீர்மானிக்கும் அளவு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஒலுவிலில் படகிலிருந்து சூரையும் பாரையும் இறங்கும்போது, வாங்க வந்தவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு கண்ணைப் பார்ப்பார், வயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். கரையோர மக்களுக்கு இந்த மூன்று சோதனையும் போதும். 1970களில் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரிலிருந்த டொறி ஆராய்ச்சி நிலையத்தில் இதே வேலையை மின்சாரத்தால் செய்யும் கைக்கருவி ஒன்றை உருவாக்கினார்கள். டொறிமீற்றர் என்று அதற்குப் பெயர். மீனின் விலாவில் வைத்து அழுத்தினால் மிகச் சிறிய ஆடலோட்ட மின்சாரம் தோலுக்குள்ளும் தசைக்குள்ளும் போய்வரும். கருவி ஓர் எண்ணைக் காட்டும். எண் பெரிதாக இருந்தால் மீன் புதியது. நாள் செல்லச் செல்ல எண் இறங்கும். உறையவைத்து இளக்கிய மீன் என்றால், அது எவ்வளவு நல்ல மீனாக இருந்தாலும் கருவி அதை மதிக்காது. எண் அடிமட்டத்துக்குப் போய்விடும்.

காரணம் கலத்தின் மென்சவ்வில் இருக்கிறது. உயிருள்ள கலம் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 5 நனோமீற்றர் தடிப்புள்ள கொழுப்புப் படலம் மூடியிருக்கிறது. உள்ளேயும் உப்புக் கரைசல், வெளியேயும் உப்புக் கரைசல், நடுவில் மின்னைக் கடத்தாத மெல்லிய சவ்வு. பாடசாலைப் பௌதிகவியலில் இந்த அமைப்புக்குக் கொள்ளளவி என்று பெயர். சவ்வு முழுதாக இருக்கும்வரை மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே ஒரு கட்ட வித்தியாசம் இருக்கும். சவ்வு சிதைந்தால் அந்த வித்தியாசம் சுருங்கும். டொறிமீற்றர் அளப்பது அதைத்தான். ஐஸ் பளிங்குகள் சவ்வைக் கிழித்துவிடுவதால், உறைந்து இளகிய மீன் அந்தக் கருவிக்குப் பழைய மீனாகத் தெரிகிறது.

சவ்வு கெட்டிருப்பதை மின்சாரத்தால் கண்டுபிடிக்கலாம் என்றால், மின்சாரத்தாலேயே சவ்வைத் துளைக்கவும் முடியுமா? முடியும். 1982இல் ஜெர்மனியில் எபர்ஹார்ட் நொய்மானும் அவருடைய குழுவினரும் எலிக் கலங்களுக்கு வலுவான, மிகக் குறுகிய மின்துடிப்புகளைக் கொடுத்து, சவ்வில் தற்காலிகத் துளைகளை உண்டாக்கி, அவற்றின் வழியாக மரபணுவை உள்ளே செலுத்திக் காட்டினார்கள். மின்துளைப்பு என்ற இந்த வித்தை சில ஆண்டுகளிலேயே ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியசாலைக்கு வந்தது. பாரிஸ் நகருக்கு அருகே வில்ஜுய்ப் என்ற இடத்திலுள்ள குஸ்தாவ் ருஸ்ஸி நிறுவனத்தில் லூயிஸ் மிர் குழுவினர், தலை கழுத்துப் புற்றுநோயாளர்களுக்குப் பிளியோமைசின் மருந்தோடு மின்துடிப்பைச் சேர்த்துக் கொடுத்த முதல் அனுபவத்தை 1991இல் வெளியிட்டார்கள்.

பிளியோமைசின் கொடிய மருந்துதான், ஆனால் தானாகக் கலத்துக்குள் நுழையத் தெரியாதது. அதன் மூலக்கூறு பெரியது, நீரில் கரைவது. கொழுப்புச் சவ்வு அதை வாசலிலேயே நிறுத்திவிடும். துளை விழுந்ததும் நிலைமை மாறுகிறது. ஆய்வுகூடக் கலங்களில் அதன் கொல்லும் வலிமை சில நூறு மடங்கிலிருந்து சில ஆயிரம் மடங்கு வரை உயர்ந்திருக்கிறது. 2006இல் ஐரோப்பிய மருத்துவர்கள் இதற்கான பொது நடைமுறை ஒன்றை வகுத்தார்கள். தலா 100 மைக்ரோ செக்கன் நீளமுள்ள 8 துடிப்புகள், சென்ரிமீற்றருக்கு 1000 வோல்ற்று அளவில். அதற்கு அடிப்படையான ஆய்வில் தோலிலும் தோலுக்கடியிலும் இருந்த கட்டிகளில் 85 வீதம் சுருங்கின. ஏறத்தாழ 74 வீதம் முற்றாக மறைந்தன.

இதற்கு ஒரு தம்பி உண்டு. 2005இல் ரபாயல் டவலோஸ், லூயிஸ் மிர், போரிஸ் ரூபின்ஸ்கி மூவரும் மருந்தே இல்லாமல் துடிப்பை மட்டும் கொண்டு கலத்தைக் கொல்லலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். துடிப்பை வலுவாக்கி, எண்ணிக்கையையும் கூட்டினால் துளைகள் மூடாது. கலம் தன் சமநிலையை இழந்து இறந்துபோகும். மீளா மின்துளைப்பு என்று இதைச் சொல்லலாம். இதற்கான நானோநைஃப் என்ற கருவி 3000 வோல்ற்று வரை கொடுக்கும். ஈரல், சதையி, முன்னிற்கும் சுரப்பி ஆகியவற்றின் கட்டிகளில் பயன்படுகிறது. வெப்பத்தால் கட்டியைச் சுடும் முறைகளைவிட இதற்குப் பெரிய அனுகூலம் ஒன்றுண்டு. கலங்கள் இறந்தாலும் இரத்தக் குழாயின் கொலாஜன் சட்டகம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். சதையிக் கட்டி பெரிய நாடிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வளரும்போது, கத்தியும் நெருப்பும் போக முடியாத இடத்துக்கு இந்தத் துடிப்பு போகும்.

இவ்வளவும் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன சென்ரிமீற்றருக்கு 1000 வோல்ற்று என்ற எண்ணை நம்பி அடுத்த அடி வைக்கும் எவரும் விழுந்துவிடுவார்கள். அது கருவியின் எண். மின்வாய்களுக்கிடையே கொடுத்த வோல்ற்றை இடைவெளியால் வகுத்துப் பெற்றது. கட்டிக்குள் இருக்கும் ஒரு கலம் உண்மையில் எந்த வலுவுள்ள மின்புலத்துக்குள் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கலத்தைச் சுற்றியிருக்கும் இழையம்.

முதலில் ஒரு தனிக் கலத்தை எடுத்துக்கொள்வோம். சென்ரிமீற்றருக்கு 1000 வோல்ற்று என்றால் மீற்றருக்கு ஓர் இலட்சம் வோல்ற்று. 10 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள உருண்டைக் கலம் ஒன்று அதற்குள் இருந்தால், புலத்தை நோக்கிய முனையில் சவ்வின் மீது விழும் மேலதிக அழுத்தம் புலம் × ஆரை × 1.5. அதாவது ஏறத்தாழ 1.5 வோல்ற்று. ஒரு பென்ரோச் பற்றறியின் அளவுதான். ஆனால் சவ்வின் தடிப்பு 5 நனோமீற்றர். அந்தத் தடிப்புக்குள் 1 வோல்ற்று நின்றாலே மீற்றருக்கு 20 கோடி வோல்ற்று ஆகிறது. மின்னல் அடிக்கக் காற்று உடைவதற்குத் தேவையான புலம் மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற்று என்பதை நினைத்தால், சவ்வு ஏன் கிழிகிறது என்பது விளங்கும்.

இந்தச் சமன்பாட்டில் ஆரை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய கலம் சிறிய புலத்திலேயே துளைபடும், சிறிய கலம் தப்பிக்கும். நிணக்கலம் சிறியது, ஈரல் கலம் பெரியது, தசை நார் மிக நீளமானது. தசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நார் ஓடும் திசையிலேயே புலம் விழுந்தால் அது மெல்லிய புலத்திலும் துளைபடும். குறுக்கே விழுந்தால் அதைவிடக் கூடிய புலம் வேண்டும். மின்னைக் கடத்துவதிலும் அப்படியே. நாரோடு செல்லும் மின்னோட்டத்துக்குத் தடை குறைவு, நாருக்குக் குறுக்கே செல்வதற்குத் தடை பல மடங்கு. ஆக, நாக்கு போன்ற உறுப்பில் ஊசி மின்வாய்களை எந்தத் திசையில் குத்துகிறோம் என்பதே சிகிச்சையின் அளவை மாற்றிவிடும். நாக்கில் தசை நார்கள் நீளவாக்கிலும் குறுக்காகவும் மேலிருந்து கீழாகவும் பின்னிக் கிடக்கின்றன என்பதை வேறு சொல்ல வேண்டும்.

கலத்தை விட்டு இழையத்துக்கு வருவோம். ஒரு பொருள் மின்னை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதை மீற்றருக்கு இத்தனை சீமன்சு என்று அளப்பார்கள். நம் வெப்பமான கடல்நீருக்கு அது ஏறத்தாழ 5. இரத்தத்துக்கு 0.7ஐ ஒட்டி. தசைக்குத் திசையைப் பொறுத்து 0.1இலிருந்து 0.5 வரை. ஈரலுக்கு அதைவிடக் குறைவு. கொழுப்புக்கு 0.02இலிருந்து 0.05 வரை. உலர்ந்த தோலின் வெளிப்படை, அதாவது வெறும் 20 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள இறந்த கலப் படலம், கொழுப்பைவிடவும் நூற்றுக்கணக்கான மடங்கு மோசமான கடத்தி. புற்றுநோய்க் கட்டிகள் பொதுவாகத் தாம் முளைத்த இழையத்தைவிட நன்றாகக் கடத்தும். நீர் அதிகம், ஒழுங்கு குறைவு. 0.2இலிருந்து 0.4 வரை என்பது பலரும் கணக்கில் எடுக்கும் எல்லை. காமெலியா காப்ரியேலும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட இழைய மின்னியல்புத் தொகுப்புத்தான் உலகெங்கும் இன்றைக்கும் இந்தக் கணக்குகளுக்கு அடிப்படை.

இந்த எண்கள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு சின்னக் கணக்கைச் செய்து பார்க்கலாம். தோலுக்கடியில் 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள கட்டி ஒன்று இருக்கிறது. அதன் கடத்துதிறன் 0.3. அதற்கு இரு பக்கமும் கொழுப்பு, மொத்தம் 2 மில்லிமீற்றர், கடத்துதிறன் 0.04. மொத்த இடைவெளி 1 சென்ரிமீற்றர். தகட்டு மின்வாய்களால் இரு பக்கமும் பிடித்து 1000 வோல்ற்றுக் கொடுக்கிறோம். எண் சரியாக 1000 வோல்ற்று / சென்ரிமீற்றர். ஆனால் ஒரே மின்னோட்டம் கொழுப்பையும் கட்டியையும் அடுத்தடுத்துக் கடக்க வேண்டியிருப்பதால், தடை கூடிய இடமே அழுத்தத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் 2 மில்லிமீற்றர் கொழுப்பு 652 வோல்ற்றை விழுங்குகிறது. 8 மில்லிமீற்றர் கட்டிக்குக் கிடைப்பது 348 வோல்ற்று, அதாவது சென்ரிமீற்றருக்கு 435. மீளும் துளைப்புக்கு ஏறத்தாழ 400 தேவை என்று வைத்தால், தப்பித்தோம்.

இப்போது இன்னொருவர் வருகிறார். அதே கட்டி, ஆனால் கொழுப்பு மொத்தம் 4 மில்லிமீற்றர். இடைவெளி 1.2 சென்ரிமீற்றர் என்பதால் கருவியை 1200 வோல்ற்றுக்கு உயர்த்துகிறோம். கருவி காட்டும் எண் முன்போலவே 1000 வோல்ற்று / சென்ரிமீற்றர். கட்டிக்குள் கிடைப்பது 316. துளை விழாது. மருந்து நரம்பில் ஏறி உடம்பெங்கும் ஓடியிருக்கும், நோயாளர் துடிப்பின் வலியைத் தாங்கியிருப்பார், அறிக்கையில் எல்லா எண்களும் சரியாக இருக்கும், கட்டி மட்டும் தன்பாட்டில் வளரும். 2 மில்லிமீற்றர் கொழுப்பு செய்யும் வேலை இது. இதனாலேயே ஆழமான கட்டிகளுக்குத் தகட்டை விட்டு ஊசி மின்வாய்களைக் கட்டிக்குள்ளேயே இறக்குகிறார்கள்.

சென்னையில் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலிருந்து வி. கௌரி ஸ்ரீ, கே. உதயகுமார் ஆகியோரும், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ராஜி சுந்தரராஜனும் சேர்ந்து மார்பகக் கட்டியின் மின்புலப் பகுப்பாய்வு ஒன்றை 2011இல் வெளியிட்டார்கள். கணினியில் இழையத்தின் முப்பரிமாண மாதிரி ஒன்றைக் கட்டி, துடிப்பைக் கொடுத்தால் புலம் எங்கே எவ்வளவு விழுகிறது என்று பார்த்தார்கள். கட்டிக்குள் புலம், சுற்றியுள்ள இயல்பான இழையத்தில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தது. உயர் அழுத்தப் பொறியியல் என்றால் மின்மாற்றியும் மின்கம்பியும் காப்புப் பீங்கானும் என்று நினைக்கும் நமக்கு, காப்புப் பொருளில் புலம் எப்படிப் பரவுகிறது என்ற அதே கேள்வியை மார்பகத்தின் கொழுப்பிடமும் கேட்கலாம் என்று காட்டியது அந்த வேலை. மார்பகம் இதற்கு மிகப் பொருத்தமான உறுப்பு. இளம் வயதில் சுரப்பி இழையம் நிறைந்திருக்கும், வயதாக ஆகக் கொழுப்பு கூடும். இரண்டுக்கும் கடத்துதிறன் வெகு தூரம். ஒரே வயதுள்ள இரு பெண்களிடமே அந்தக் கலவை வேறு வேறு.

புலம் சமமாக வருமென்று காகிதத்தில் கோடு போட்டுவிட்டுப் பிறகு அது வளைந்து போவதைப் பார்ப்பது ஒலுவில் கரைக்குப் பழகிய அனுபவம். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலின் பாதையில் குறுக்கே நின்றன. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயை மணல் அடைத்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் அரித்தது. இழையத்துக்குள் இரத்தக் குழாய் செய்வதும் இத்தகையதுதான். அது மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன்னை ஒட்டியிருக்கும் கலங்களைப் புலமில்லாமல் விட்டுவிடுகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. அலெக்சாண்டர் கோல்பேர்க்கும் சகாக்களும் எலியின் ஈரலில் மீளா மின்துளைப்புச் செய்து, துடிப்புப் பட்ட பகுதியை நுணுக்குக்காட்டியில் பார்த்து 2015இல் எழுதினார்கள். சிகிச்சைப் பரப்புக்குள்ளேயே, பெரிய குழாய்களைச் சுற்றி, கலங்கள் உயிரோடு தப்பியிருந்தன. குழாய்க்குள் இருக்கும் இரத்தம் ஈரலைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்துவதால் அதன் ஓரத்தில் புலம் சரிந்துவிடுகிறது. மின்புலத்தின் வடிகால் என்று அவர்கள் அந்த இடத்தைக் குறிப்பிட்டார்கள். எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் குழாய்க்கு அருகே போகலாம் என்பதற்காகவே மருத்துவர்கள் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த இடத்துக்காக இந்த முறை வேண்டப்படுகிறதோ, அந்த இடத்திலேயே அதன் வலு குறைகிறது. புற்றுக் கலம் பத்து எஞ்சினாலும் நோய் திரும்பக்கூடும்.

இழையத்தின் பிடிவாதம் அத்தோடு முடிவதில்லை. அது துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுகிறது. சவ்வில் துளை விழுந்ததும் கலத்தின் உள்ளிருக்கும் உப்புக் கரைசலும் மின்பாதையில் சேர்ந்துகொள்ளும், கடத்துதிறன் ஏறும். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் மேலும் ஏறத்தாழ 2 வீதம் ஏறும். தோலுக்கு மேலே தகட்டை வைத்துத் துடிப்புக் கொடுக்கும்போது தொடக்கத்தில் ஏறக்குறைய முழு அழுத்தமும் அந்த 20 மைக்ரோமீற்றர் படலத்தின் மீதே விழுகிறது. அது தாங்காமல் உடைந்து, கடத்தத் தொடங்கிய பிறகுதான் அடியிலிருக்கும் படைகளுக்குப் புலம் இறங்குகிறது. எல்லாம் மைக்ரோ செக்கன்களுக்குள். இழையத்தை மாறாப் பொருளாக எண்ணிக் கணக்குப் போட்டால், தோலுக்கடியிலுள்ள கட்டிக்கு ஒன்றுமே போய்ச் சேராது என்ற விடை வரும். ஸ்லொவேனியாவின் லுப்லியானா பல்கலைக்கழகத்தில் டமியான் மிக்லாவ்சிச் குழுவினர், கடத்துதிறன் புலத்தோடு சேர்ந்து ஏறுவதை மாதிரிக்குள் சேர்த்தபோதுதான் கணக்கும் விலங்குகளில் கண்டதும் பொருந்தின.

இதை வெறுங் கண்ணாலேயே காட்டும் பொருள் ஒன்று உண்டு: உருளைக்கிழங்கு. உலகின் மின்துளைப்பு ஆய்வுகூடங்களில் முதலில் பலியாவது அதுதான். கிழங்கில் இரண்டு ஊசிகளைச் செருகித் துடிப்பைக் கொடுப்பார்கள். அப்போது ஒன்றும் தெரியாது. அரைநாள், ஒருநாள் கழித்துக் குறுக்கே வெட்டினால், ஊசிகளைச் சுற்றிக் கருமையான பரப்பு ஒன்று படர்ந்திருக்கும். சவ்வு உடைந்த கலங்களில் நொதியமும் பீனோல் சேர்வைகளும் கலந்து, காற்றோடு தாக்கமுற்றுக் கறுத்துப்போகும். வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே இரசாயனம். அந்தக் கரும்பரப்பின் விளிம்பே துளைப்பின் எல்லை. அளவுகோல் வைத்து அளந்து கணினி மாதிரியோடு ஒப்பிடலாம். கிழங்கின் தோலடியும் நடுச்சோறும் ஒன்றுபோல் இல்லை. விளிம்பு அங்கங்கே நெளிந்திருப்பதைக் காணலாம். ஒரு கிழங்கே இப்படி என்றால் ஈரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். (வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அல்ல இது. இந்தத் துடிப்பைச் சேமித்து வைக்கும் கொள்ளளவி ஆளைக் கொன்றுவிடும்.)

சரி, மருத்துவர் என்ன செய்கிறார்? ஆழமான கட்டிகளுக்குச் சிகிச்சைக்கு முன்பே சிற்றிப் படத்தையோ எம்ஆர்ஐ படத்தையோ கொண்டு நோயாளரின் சொந்த உடற்கூற்றில் மாதிரி ஒன்றைக் கட்டுகிறார்கள். கட்டி எங்கே, குழாய் எங்கே, ஊசி எந்தக் கோணத்தில், எந்த இரு ஊசிக்கிடையே எத்தனை வோல்ற்று. லுப்லியானாவில், பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய கட்டிகளுக்கு இப்படித் திட்டமிட்டே சிகிச்சை கொடுத்தார்கள். ஊசி ஓரிரு மில்லிமீற்றர் விலகினால் திட்டம் தாங்குமா என்றும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூச்சோடு சேர்ந்து ஈரல் அசையும். பித்தக்கானில் உலோகக் குழாய் பொருத்தியிருந்தால் அதுவும் புலத்தை வளைத்துவிடும். வலுவான துடிப்பு தசையைச் சுருட்டி இழுக்கும் என்பதால் மீளா மின்துளைப்புக்கு முழு மயக்கமும் தசைத் தளர்ச்சி மருந்தும் வேண்டும். நெஞ்சுக்கு அருகே என்றால் துடிப்பை இதயத் துடிப்பின் ஈசிஜி அலையோடு நேரம் பார்த்துக் கொடுப்பார்கள்.

துடிப்பு ஓடும்போது பார்க்க வேண்டியது வோல்ற்றை அல்ல, மின்னோட்டத்தை. வோல்ற்று, கருவி கொடுப்பது. மின்னோட்டம் இழையம் திருப்பிச் சொல்வது. துடிப்புக்குத் துடிப்பு மின்னோட்டம் ஏறினால் துளைகள் விழுகின்றன என்று பொருள். அசையாமல் நின்றால் ஊசி கொழுப்பிலோ இறந்துபோன கட்டியின் நடுப்பகுதியிலோ நிற்கலாம். திடீரென்று எகிறினால் ஊசி நுனிகள் குழாய்க்கு அருகே போயிருக்கலாம், அல்லது இழையம் சூடேறிக்கொண்டிருக்கலாம். கருவி 50 அம்பியருக்கு மேல் போகாமல் தானே நின்றுவிடும்.

பிரச்சினையை வேறொரு பக்கத்திலிருந்து தாக்கும் வழியும் இருக்கிறது. கொள்ளளவி ஒன்றின் ஊடாக உயர் மீடிறன் மின்னோட்டம் இலகுவாகக் கடந்துபோகும். எனவே 100 மைக்ரோ செக்கன் நீளத் துடிப்புக்குப் பதில், ஒன்றிரண்டு மைக்ரோ செக்கன் நீளமுள்ள, திசை மாறி மாறி வரும் துடிப்புகளைக் கூட்டங்கூட்டமாகக் கொடுத்தால், சவ்வுகள் மின்னோட்டத்தை மறிக்கும் வலு குறையும். அதோடு இழையத்துக்கும் இழையத்துக்கும் இடையிலுள்ள தடை வித்தியாசமும் சுருங்கும். புலம் முன்பைவிடச் சமமாகப் பரவும். டவலோஸ் குழுவினர் அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில் 2011ஐ ஒட்டி இதை முன்வைத்தார்கள். தசை இழுப்பும் வெகுவாகக் குறைகிறது. விலையாக, துளைப்பதற்குக் கூடிய புலம் தேவைப்படுகிறது. ஆனாலும் இழைய வேறுபாட்டை அளந்து சமாளிப்பதற்குப் பதில் அதன் செல்வாக்கையே குறைக்கப் பார்ப்பது நல்ல பொறியியல் என்பேன்.

இதெல்லாம் நம் கரைக்கு எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு காரணம் உண்டு. இலங்கையில் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் முதலிடம். ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் போகும் குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பாக்கை மட்டும் மென்றாலே புற்றுநோய் வரலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துச் சொன்ன விடயம். புற்றுநோய்க்கு முன்பாகப் பலருக்குப் பாக்கு இன்னொன்றைச் செய்கிறது. பாக்கிலுள்ள அரெக்கோலின் வாயின் உட்தோலுக்கடியில் கொலாஜன் நாரை மிகையாக உற்பத்தியாக்குகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, பட்டை பட்டையாக இறுகி, வாய் திறப்பது மாதத்துக்கு மாதம் குறுகும். சோற்றுக் கவளம் போகாது, காரம் பட்டால் எரியும்.

அந்த வாயில் முளைக்கும் கட்டியை மின்துடிப்பு எப்படிச் சந்திக்கும்? நாராகிவிட்ட கன்னத்தில் இரத்தக் குழாய்கள் குறைவு. நரம்பில் ஏற்றிய பிளியோமைசின் அங்கே போய்ச் சேருவது குறையும். மேற்படை மெலிந்திருக்கும், அடியில் கொலாஜன் தடித்திருக்கும். ஈரலுக்கும் பன்றித் தோலுக்கும் அளந்த கடத்துதிறன் எண்கள் இதற்குப் பொருந்தாது. ஐரோப்பாவில் தலை கழுத்தின் சீதச்சவ்வுக் கட்டிகளில், மருந்தோடு துடிப்பைச் சேர்க்கும் இந்த மின்வேதிச் சிகிச்சையைச் சோதித்த யுரேக்கா ஆய்வு 2017இல் வெளிவந்தது. அங்கே பலன் கண்டவர்கள் பாதிக்குச் சற்று மேல். தோல் கட்டிகளின் 85 வீதத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். அந்த நோயாளர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கதிர்வீச்சும் அறுவையும் கண்டு, நோய் திரும்பி வந்தவர்கள். கதிர்வீச்சும் இழையத்தை நாராக்கும், குழாய்களைக் குறைக்கும். கட்டியின் பருமனும் சேர்ந்துகொள்கிறது. 3 சென்ரிமீற்றரைத் தாண்டிய கட்டிகள் சிறியவற்றைவிடக் குறைவாகவே மறைகின்றன என்பதை 2013இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. நம்மவர்கள் வைத்தியசாலைக்கு வரும்போது கட்டி பெரும்பாலும் சிறியதாக இருப்பதில்லை.

ஆகவே ஐரோப்பிய நடைமுறையை அப்படியே இறக்குமதி செய்வதைவிட, பாக்கு இறுக்கிய கன்னத்தின் மின்னியல்பை அளப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம். அளப்பதற்குக் கோடிகள் வேண்டாம். வேண்டியது நான்கு மின்வாய்கள் கொண்ட சிறு முனை. வெளி இரண்டும் மின்னோட்டத்தைக் கொடுக்கும், உள் இரண்டும் அழுத்தத்தைப் படிக்கும். இரண்டே மின்வாய்களால் அளந்தால் உலோகத்தில் படியும் அயன்கள் எண்ணைக் கெடுத்துவிடும் என்பதாலேயே நான்கு. சில நூறு ஏற்சிலிருந்து ஒரு மெகா ஏற்சு வரை மீடிறனை மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். வெட்டியெடுத்த துண்டில் அளப்பதானால் நிமிடங்களுக்குள் செய்ய வேண்டும். இரத்தம் நின்றதும் கலங்கள் வீங்கத் தொடங்கும், வெப்பம் இறங்கும், எண் ஓடிவிடும். அறுவைக்கூடத்தில், உயிரோடிருக்கும் இழையத்தில், மயக்கத்திலிருக்கும் நோயாளரின் சம்மதத்தை முன்பே பெற்று அளப்பதே சிறந்தது.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வடக்கே கரையோர வீதியில் போனால் மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. ஒருவருக்கு மின்னியல் தெரியும், மற்றவரிடம் நோயாளர் இருக்கிறார். கன்னத்தின் இறுகிய பக்கத்தையும் இறுகாத பக்கத்தையும் ஒரே ஆளில் அளந்து, வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது என்பதோடு சேர்த்து எழுதிவைத்தால், அந்த அட்டவணையை லுப்லியானாவும் கிண்டியும் கேட்டு வாங்கும்.